பழம்பொறியில் புதுவாழ்வு

உயிர்களுக்கு ஆயுள் உண்டு, பொறிகளுக்கும் உண்டு. நீர் இறைக்கும் பொறி தேய்ந்தால் இறைப்பது குறையும். தையற்பொறியின் பற்கள் மழுங்கினால் தையல் கோணும். இவற்றின் முதுமையைக் கண்ணால் காணலாம், காதால் கேட்கலாம். கணினியின் முதுமையோ வேறு வகையானது. பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி, வாங்கிய நாளில் எத்துணை விரைவாகக் கணக்கிட்டதோ, பெரும்பாலும் அத்துணை விரைவாகவே இன்றும் கணக்கிடுகிறது. ஆயினும், "இது பழையது, இனிப் பயன் இல்லை" என்று அதை மூலையில் வைத்துவிடுகிறோம். தேயாத பொறி எவ்வாறு முதுமை அடைந்தது? இவ்வினாவுக்கு விடை காண, யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் வரலாறு பெரிதும் துணை செய்யும். அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இயங்குதளம் என்பது யாது? திருமண வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். சமைப்பவர் ஒருபுறம், பரிமாறுபவர் ஒருபுறம், பந்திக்குக் காத்திருப்பவர் மற்றொரு புறம். எந்தப் பாத்திரம் எவரிடம் செல்ல வேண்டும், எந்தப் பந்தி முதலில் அமர வேண்டும் என்பனவற்றை ஒரு பெரியவர் நின்று நடத்துவார். அவர் சமைப்பதும் இல்லை, உண்பதும் இல்லை. ஆயினும் அவர் இல்லையேல் விருந்து குழம்பிவிடும். கணினிக்குள் இப்பெரியவரின் வேலையைச் செய்வதே இயங்குதளம். நினைவகத்தைப் பங்கிடுதல், வட்டில் கோப்புகளை வைத்துக் காத்தல், நிரல்கள் ஒவ்வொன்றுக்கும் முறை வகுத்தல் ஆகியவை அதன் கடமைகள். அதுவும் நிரல்களால் ஆனதே. ஆகவே ஒரு கணினியில் அதை நீக்கி, வேறொன்றை வைக்க இயலும். அவ்வாறு வைப்பதையே நிறுவுதல் என்கிறோம்.

1960களில் கணினி என்பது ஓர் அறையை நிரப்பும் பெரும்பொறி. பலர் ஒரே வேளையில் ஒரு கணினியைப் பயன்படுத்துவதற்காக, அமெரிக்காவில் மல்டிக்ஸ் என்னும் பெருமுயற்சி தொடங்கியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், ஜெனரல் எலெக்டிரிக் நிறுவனம், பெல் ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் அதில் கூட்டாளிகள். திட்டம் பெரிது, செலவும் பெரிது, பயன் வரக் காலம் ஆயிற்று. 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடம் அம்முயற்சியிலிருந்து விலகிக்கொண்டது. அதில் உழைத்த கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் நல்லதொரு கணினிச் சூழலை இழந்தனர். புதிய கணினி வாங்கித் தருமாறு அவர்கள் மேலிடத்தை வேண்டினர். அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை.

அக்காலத்தில் தாம்சன் ஒரு விளையாட்டு நிரலை எழுதியிருந்தார். கோள்களுக்கிடையே விண்கலத்தைச் செலுத்தி இறக்கும் விளையாட்டு அது. ஆய்வுக்கூடத்தின் பெரிய கணினியில் அதை ஒருமுறை ஆட, கணினி நேரத்துக்கான கட்டணம் ஏறத்தாழ 75 டாலர் ஆயிற்று. இது கட்டுப்படியாகுமா? ஆகவே வேறு பொறியைத் தேடினார். ஆய்வுக்கூடத்தில், அதிகம் பயன்படாமல் ஒரு பி.டி.பி.-7 கணினி இருந்தது. டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் 1960களின் நடுவில் செய்து விற்ற சிறுபொறி அது. 1966ஆம் ஆண்டிலேயே அதன் அடுத்த வடிவமாகிய பி.டி.பி.-9 வந்துவிட்டது. தாம்சனுக்குக் கிடைத்த பொறியின் நினைவகம், 18 இருமங்கள் கொண்ட சொற்கள் 8,192 மட்டுமே. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 18 கிலோபைட்டு. நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் இதைப்போலப் பல மடங்கு இடம் கொள்ளும்.

1969ஆம் ஆண்டுக் கோடையில் தாம்சனின் மனைவியார் குழந்தையுடன் ஒரு மாதம் ஊருக்குச் சென்றிருந்தார். அந்த மாதத்தில் தாம்சன் வாரத்துக்கு ஒரு பகுதியாக வேலையைப் பிரித்துக்கொண்டார். இயங்குதளத்தின் உட்கருவுக்கு ஒரு வாரம். கட்டளைகளைக் கேட்டு நடத்தும் நிரலுக்கு ஒரு வாரம். எழுதித் திருத்தும் நிரலுக்கு ஒரு வாரம். பொறிமொழியாக்கும் நிரலுக்கு ஒரு வாரம். தொடக்கத்தில் நிரல்களைப் பெரிய கணினியில் ஆயத்தம் செய்து, துளையிட்ட காகித நாடாவில் எடுத்துக்கொண்டு வந்து பி.டி.பி.-7இல் செலுத்த வேண்டியிருந்தது. மேற்கூறிய நிரல்கள் அமைந்த பின் அச்சிறுபொறி தன் காலிலேயே நின்றது. அடுத்த ஆண்டில் பிரயன் கெர்னிகன், மல்டிக்ஸ் என்னும் பெயரைக் கேலி செய்யும் வகையில் இதற்கு ஒரு பெயரைச் சொன்னார். அதுவே யூனிக்ஸ் என்று வழங்கலாயிற்று.

மாணவர்களே, இங்கு ஒன்றைக் கருதுங்கள். உலகில் இன்று எண்ணற்ற கணினிகளை நடத்தும் ஒரு மரபு, பிறர் விரும்பாத ஒரு பொறியில் பிறந்தது. இடம் குறைவாக இருந்தமையால், ஒவ்வொரு நிரலும் சிறியதாக இருக்க வேண்டியிருந்தது. ஒரு நிரல் ஒரு வேலையைச் செய்யும்; அதன் விளைவை அடுத்த நிரல் ஏற்றுக்கொள்ளும். இச்சிக்கனம் பின்னாளில் யூனிக்ஸின் இலக்கணமே ஆயிற்று. வறுமையில் வளர்ந்த பிள்ளை, வளம் வந்த பின்னும் சிக்கனத்தைக் கைவிடாததைப் போன்றது இது.

1970ஆம் ஆண்டில் பி.டி.பி.-11 என்னும் புதிய பொறி அவர்களுக்குக் கிடைத்தது. ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவுக்கு ஆவணங்களைத் தட்டச்சிடும் வசதி செய்து தருவதாகக் கூறியே அதைப் பெற்றனர். அதன் நினைவகம் 24 கிலோபைட்டு. அதில் 16 கிலோபைட்டை இயங்குதளம் எடுத்துக்கொண்டது. வட்டின் கொள்ளளவு 512 கிலோபைட்டு. அச்சிறிய இடத்திலேயே காப்புரிமைப் பிரிவின் வேலை நடந்தது. யூனிக்ஸின் முதற்பதிப்புக் கையேடு 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் என்னும் தேதியைத் தாங்கியது.

ஆயினும் அன்றைய யூனிக்ஸ், ஒரு குறிப்பிட்ட பொறியின் மொழியில் எழுதப்பட்டிருந்தது. பொறி மாறினால் அனைத்தையும் மீண்டும் எழுத வேண்டும். ரிட்சி உருவாக்கிய சி என்னும் நிரல்மொழி இக்குறையைப் போக்கியது. 1973ஆம் ஆண்டில் யூனிக்ஸின் உட்கரு சி மொழியில் திரும்ப எழுதப்பட்டது. இதன் பயனை ஓர் உவமையால் விளக்கலாம். நாடகக் குழு ஒன்று ஊர் ஊராகச் செல்கிறது. ஊருக்கு ஊர் கொட்டகை மாறுபடும். மேடையின் நீள அகலம் மாறுபடும். அதற்கேற்பத் திரை கட்டுவோரின் வேலை மட்டும் மாறும், நாடகம் மாறுவதில்லை. அதுபோலவே, பொறியோடு ஒட்டிய சிறுபகுதியை மட்டும் மாற்றி எழுதினால், எஞ்சிய யூனிக்ஸ் முழுவதையும் புதிய பொறிக்குக் கொண்டு செல்லலாம் என்னும் நிலை உருவாயிற்று.

1974ஆம் ஆண்டில் தாம்சனும் ரிட்சியும் யூனிக்ஸைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். சிறந்த இயங்குதளத்துக்குப் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை என்பதும், 40,000 டாலர் விலையுள்ள பொறியே இதற்குப் போதும் என்பதும் அதில் சொல்லப்பட்டன. பல்கலைக்கழகங்கள் பல இதை விரும்பின. பெல் ஆய்வுக்கூடத்தின் உரிமையாளராகிய அமெரிக்கத் தொலைபேசி தந்தி நிறுவனம், 1956ஆம் ஆண்டில் ஏற்ற ஒரு நீதிமன்ற உடன்பாட்டால், தொலைத்தொடர்பு தவிர்த்த வணிகத்தில் இறங்க முடியாத நிலையில் இருந்தது. ஆகவே கல்வி நிலையங்களுக்கு யூனிக்ஸைச் சிறுகட்டணத்துக்கு உரிமம் தந்தது. காந்த நாடா ஒன்று அஞ்சலில் வரும். மூல நிரலும் அதிலேயே இருக்கும். ஆனால் பழுது வந்தால் கேட்பதற்கு ஆள் இல்லை.

அந்நாளில் யூனிக்ஸை நிறுவுவது எளிய வேலை அன்று. முதலில் பொறியின் முகப்பில் உள்ள விசைகளின் வாயிலாக ஒரு சிறு தொடக்க நிரலை உள்ளிட வேண்டும். அது நாடாவிலிருந்து வட்டுக்கு இயங்குதளத்தைப் படியெடுக்கும். பின்னர், தம்மிடம் உள்ள வட்டு எது, அச்சுப்பொறி எது என்பனவற்றைக் குறித்து, உட்கருவை மீண்டும் ஆக்கிக்கொள்ள வேண்டும். உதவிக்கு ஆள் இன்மையால், பயன்படுத்துவோர் ஒருவருக்கொருவர் கைகொடுத்தனர். ஓரிடத்தில் கண்ட திருத்தம் வேறிடங்களுக்கும் சென்றது. ஆதரவு இல்லாமையே ஒரு கல்வியாக மாறியது.

இக்கல்வியின் பயனை ஆஸ்திரேலியாவில் காண்கிறோம். அங்குள்ள வுலங்காங் பல்கலைக்கழகத்தில் இண்டர்டேட்டா 7/32 என்னும் கணினி இருந்தது. அதற்கென யூனிக்ஸ் எதுவும் செய்யப்படவில்லை. அங்குப் பணியாற்றிய ரிச்சர்டு மில்லர் 1977ஆம் ஆண்டில் யூனிக்ஸை அப்பொறிக்கு மாற்றி அமைத்தார். பெல் ஆய்வுக்கூடத்தாரும் அதே காலத்தில் அவ்வினத்தைச் சேர்ந்த 8/32 என்னும் பொறிக்கு யூனிக்ஸைக் கொண்டு சென்றனர். பெரிய ஆய்வுக்கூடம் செய்ததை ஒரு சிறிய பல்கலைக்கழகமும் செய்ய முடிந்தது என்றால், அதற்குக் காரணம் மூல நிரல் கையில் இருந்தமையே அன்றோ?

ஆனால் அக்கதவு பின்னர் அடைபட்டது. ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் உட்கரு ஏறத்தாழ 9,000 வரிகளையும் தொகுத்து, மாணவர்க்கு உரை எழுதியிருந்தார். பழைய நூல்களுக்கு நம் உரையாசிரியர்கள் உரை எழுதியதைப் போன்ற பணி அது. 1979ஆம் ஆண்டில் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமமோ, மூல நிரலை வகுப்பில் பாடமாக வைப்பதைத் தடுத்தது. லயன்ஸின் உரை, படிமேல் படியாகக் கைமாறியது. 1996ஆம் ஆண்டில்தான் நூலாக அச்சேறியது. பாடம் சொல்லப் பொருள் இல்லாத நிலையில், ஆம்ஸ்டர்டாம் நகரின் பேராசிரியர் ஆண்ட்ரூ தானென்பாம் தாமே ஒரு சிறு யூனிக்ஸை ஆக்கினார். 1987ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் பெயர் மினிக்ஸ். வன்தட்டு இல்லாத எளிய கணினியிலும், நெகிழ்தட்டைக் கொண்டே அதை இயக்கலாம்.

மினிக்ஸைக் கற்றவர்களுள் ஒருவர் பின்லாந்து நாட்டு மாணவர் லைனஸ் தோர்வால்ட்ஸ். 1991ஆம் ஆண்டில் அவர் 386 என்னும் நுண்செயலி உடைய கணினியை வாங்கி, அதற்கென ஓர் உட்கருவை எழுதினார். அதுவே லினக்ஸ். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டில் தொடங்கி வைத்த குனூ திட்டத்தின் நிரல்கள் அதனோடு சேர்ந்தன. 1992ஆம் ஆண்டில் லினக்ஸ், குனூவின் பொது உரிமத்தை ஏற்றது. எவரும் பயன்படுத்தலாம், பயிலலாம், திருத்தலாம், பிறர்க்கு அளிக்கலாம் என்பது அவ்வுரிமத்தின் சாரம். தம் பொறியைத் தவிர வேறு பொறிகளுக்கு இது செல்லாது என்றே தோர்வால்ட்ஸ் தொடக்கத்தில் எண்ணினார். ஆனால் ஆர்வலர் பலர் கூடி அதை எண்ணற்ற பொறிகளுக்குக் கொண்டு சென்றனர். பெர்க்லி பல்கலைக்கழக யூனிக்ஸின் வழிவந்த நெட்பி.எஸ்.டி., 1993ஆம் ஆண்டு தொடங்கி, உற்பத்தியாளர் கைவிட்ட பொறிகள் பலவற்றுக்கும் இடம் தந்தது.

பழம்பொறிகளால் ஆகக்கூடியது என்ன என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தில், வில்லியம் ஹார்குரோவ், ஃபாரஸ்ட் ஹாஃப்மன் என்னும் இருவர், நாட்டை இயற்கை வட்டாரங்களாகப் பிரித்துக் காட்டும் வரைபடம் ஒன்றை ஆக்க முயன்றனர். ஒரு சதுர கிலோமீட்டர் அளவுள்ள 78 இலட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் வெப்பம், மழை, மண் முதலாகிய 25 பண்புகள். இதற்குப் புதிய கணினித் தொகுதி வேண்டுமென்று கேட்டனர், பணம் கிடைக்கவில்லை. உடனே அவர்கள், ஆய்வுக்கூடத்தில் கழித்துக் கட்டப்பட்டிருந்த பழைய கணினிகளைச் சேர்த்தனர். ஒவ்வொன்றிலும் லினக்ஸை நிறுவி, வலையால் பிணைத்து, வேலையைப் பங்கிட்டனர். 1997ஆம் ஆண்டில் அது இயங்கத் தொடங்கியது; நாளடைவில் அதில் 130 கணினிகளுக்கு மேல் சேர்ந்தன. ஊரார் ஆளுக்கொரு பிடி காய்கறி இட்டு உருவான 'கல் சூப்பு'க் கதையை ஒட்டி அதற்குப் பெயரும் வைத்தனர். வரைபடம் உருவாயிற்று.

இக்கதைகளிலிருந்து முதற்கண் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கிறது. கணினியைப் பழையதாக்குவது பெரும்பாலும் அதன் உலோகமும் சிலிக்கனும் அல்ல. மேன்மேலும் பெருகும் நிரல்களின் தேவையும், நிரலைச் செய்தவர் ஒருநாள் கைவிடுவதுமே ஆகும். அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, குறிப்பிட்ட வகைச் செயலிகளையும் ஒரு தனிப் பாதுகாப்புச் சில்லையும் வேண்டுகிறது. அவை இல்லாத கணினிகள், பழுதின்றி ஓடுவனவாயினும், முறைப்படி அதை ஏற்க இயலாதனவாயின. பொறி நம்முடையது, அதன் ஆயுளை வரையறுக்கும் உரிமையோ பிறருடையது. இதுவே நாம் ஊன்றிக் கருத வேண்டிய செய்தி.

கணினி கற்பிக்கும் தொழிலினன் ஆதலால், பழைய மடிக்கணினி ஒன்றில் மாணவர் சிலருடன் சேர்ந்து இதைச் செய்து பார்த்தேன். அதன் நினைவகம் 2 ஜி.பி. மட்டுமே. லினக்ஸ் தொகுப்புகளுள் ஒன்றாகிய டெபியனைப் பென் டிரைவில் ஏற்றினோம். கணினியைத் தொடக்கி, வன்தட்டுக்கு முன் பென் டிரைவைப் பார்க்குமாறு அதன் தொடக்க அமைப்பை மாற்றினோம். எந்த மொழி, எந்த விசைப்பலகை, வட்டை எவ்வாறு பிரிப்பது என்று நிறுவும் நிரல் வரிசையாக வினவியது. நினைவகம் குறைவாதலால், வட்டில் ஒரு பகுதியை அதற்குத் துணையாக ஒதுக்கினோம். அழகு மிகுந்த பெரிய திரைச்சூழலைத் தவிர்த்து, எக்ஸ்.எஃப்.சி.இ. என்னும் இலேசான சூழலைத் தேர்ந்தோம். சில மணி நேரத்தில் அக்கணினியில் தமிழில் தட்டச்சிட முடிந்தது. சி மொழியில் எழுதிய நிரலை ஓட்ட முடிந்தது. மாணவர் மகிழ்ந்தது பொறி பிழைத்தது கண்டு மட்டும் அன்று. அதனுள் நடப்பதைத் தம் கண்ணால் கண்டமையாலும் ஆகும்.

எனினும் மிகைப்படக் கூறுதல் தகாது. பழைய கணினியில் இணையப் பக்கங்கள் பல மெதுவாகவே திறக்கும். மிகப் பழைய பொறிகள், செய்யும் வேலைக்கு மின்சாரத்தை மிகுதியாக உண்ணும். திறந்த நிரலுலகிலும் முடிவு என்பது உண்டு. எந்த 386 செயலிக்காக லினக்ஸ் பிறந்ததோ, அச்செயலிக்கான பகுதியையே 2012ஆம் ஆண்டு டிசம்பரில் லினக்ஸிலிருந்து நீக்கிவிட்டனர். அதைக் காத்து வருவது மற்றப் பகுதிகளுக்குச் சுமையாயிற்று. 2025ஆம் ஆண்டில் வெளிவந்த டெபியன் 13, பழைய 32 இருமக் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியைத் தரவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நீக்கப்பட்டவற்றின் மூல நிரல் இன்றும் எவர்க்கும் கிடைக்கும். வேண்டுவோர் அதை எடுத்துத் தாமே பேணலாம். இங்கே முடிவை ஒருவர் அறிவித்தாலும், மற்றவர் கைகள் கட்டப்படுவதில்லை.

அவ்வாறு பேணியவர்களின் செயல் ஒன்றைக் கூறி முடிக்கிறேன். பி.டி.பி.-7இல் ஓடிய முதல் யூனிக்ஸ் அழிந்துபோனதாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. பின்னர் அதன் நிரல், காகிதத்தில் அச்சிட்ட வடிவில் கிடைத்தது. 2016ஆம் ஆண்டில், வாரன் டூமி என்பவரின் முயற்சியால் ஆர்வலர் கூடி, அப்பக்கங்களை வரிவரியாக மீட்டு உள்ளிட்டனர். கரையான் அரித்த ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த பெரியோரின் உழைப்பை இது நினைவூட்டும். சில பகுதிகள் கிடைக்கவில்லை. அவற்றை மரபு வழுவாமல் புதிதாக எழுதிச் சேர்த்தனர். 2019ஆம் ஆண்டில், யூனிக்ஸ் பிறந்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்தபோது, சியாட்டில் நகரில் இருந்த ஒரு கணினி அருங்காட்சியகத்தின் பி.டி.பி.-7 பொறியில் அது மீண்டும் ஓடியது.

பொறியும் பழையது, நிரலும் பழையது. ஆயினும் நிரல் மனிதர் படிக்கத்தக்க வடிவில் எஞ்சியிருந்தமையால் இரண்டும் உயிர்பெற்றன. மாணவர்களே, உங்கள் இல்லத்திலோ பள்ளியிலோ ஒதுக்கி வைத்த கணினி இருக்குமாயின், பெரியோர் இசைவு பெற்று, அதிலுள்ள கோப்புகளை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்துவிட்டு, ஒருமுறை நிறுவிப் பாருங்கள். பிழை வந்தால் அஞ்ச வேண்டா, மீண்டும் தொடங்கலாம். விலையுயர்ந்த புதுப்பொறி கற்றுத் தராத பாடங்கள் சிலவற்றை அப்பழம்பொறி உங்களுக்குக் கற்றுத் தரும்.